தப்பில்லாத தட்டு

அந்த மருத்துவமனையில் தட்டக்காவைத் தெரியாதவர்கள் இரண்டே வகை. ஒன்று, நோயாளிகள். இன்னொன்று, பயிற்சிப் பிரிவு. நோயாளிகளைக் குறை சொல்ல முடியாது. மயக்க மருந்து கொடுத்த பிறகுதான் அவள் அடுக்கிய தட்டு அவர்கள் பக்கத்தில் வந்து சேர்கிறது. பயிற்சிப் பிரிவுக்கு யாரும் மயக்க மருந்து கொடுக்கவில்லை.

அவள் வேலை கீழ்த்தளத்தில். மேலே ஆபரேஷன் தியேட்டரில் பயன்படுத்திய கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் ஒரு குட்டி லிஃப்டில் இறங்கி வரும். அவற்றைக் கழுவி, துடைத்து, பூதக்கண்ணாடிக்கு அடியில் பல் பல்லாகப் பார்த்து, எந்த ஆபரேஷனுக்கு எது எத்தனை என்று தட்டில் அடுக்க வேண்டும். பிறகு இரட்டைத் துணியில் சுற்றி, டேப் ஒட்டி, ஆட்டோகிளேவ் என்கிற நீராவிப் பெட்டிக்குள் தள்ள வேண்டும். வெந்து வெளியே வரும்போது டேப்பின் வெள்ளைக் கோடுகள் கறுத்திருந்தால் கிருமி செத்தது என்று அர்த்தம். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்று தெரிய வேண்டுமானால் மேலிருந்து வருகிறவர்களின் செருப்பைப் பார்க்க வேண்டும்.

பத்தொன்பது வருஷமாக அவள் அங்கே இருக்கிறாள். கழுத்தில் தொங்கும் அட்டையில் 'தட்டு அடுக்குபவர்' என்று போட்டிருக்கும். அவளுக்கு அப்புறம் வேலைக்கு வந்த ஒவ்வொருவரையும் முதல் நாள் அவளிடம்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். "தட்டக்காகிட்ட கத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தாள் என்று அவளே எண்ணியதில்லை. ஆனால் அட்டையில் 'பயிற்றுநர்' என்ற சொல் வர வேண்டும் என்று மட்டும் அவளுக்கு ஆசை இருந்தது. சம்பளத்துக்காக அல்ல. அந்த ஒரு சொல்லுக்காகத்தான். வீட்டில் ஒருமுறை அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் அதை எழுதிப் பார்த்துவிட்டு, மகள் வருகிற சத்தம் கேட்டதும் அவசரமாக அழித்தாள்.

அவள் கற்றுக்கொடுக்கும் முறையை யாரும் எந்தப் புத்தகத்திலும் எழுதி வைத்திருக்கவில்லை. காலையில் ஒரு தட்டை அடுக்கி, அதில் ஒரே ஒரு தப்பை ஒளித்து வைப்பாள். வளைந்த இடுக்கிக்குப் பதில் நேர் இடுக்கி. பல் தேய்ந்த ஊசிப்பிடி. ஆறு பஞ்சுப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து. புதிதாக வந்தவர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காமல் டீ குடிக்கப் போக முடியாது. அதற்குப் பொய்த் தட்டு என்று பெயர். முதல் வாரம் எல்லோரும் அவளைச் சபிப்பார்கள். இரண்டாவது வாரம் கண்கொத்திப் பாம்பு மாதிரி ஆகிவிடுவார்கள். மூன்றாவது வாரம் அவர்களுக்கு இறுமாப்பு வந்துவிடும். தட்டை வைத்த மறுநொடியே, "இதோ, இதுதானே?" என்பார்கள்.

அன்றைக்குத்தான் அவள் கடைசித் தட்டை வைப்பாள். அதில் ஒரு தப்பும் இருக்காது.

அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான தட்டு. தப்பைத் தேடியே பழகின கண்ணுக்கு, தப்பில்லாததைப் பார்த்தால் பயம் வந்துவிடும். நல்ல இடுக்கியை எடுத்து இது வளைந்திருக்கிறது என்பார்கள். புதுக் கத்தியைத் துரு என்பார்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு மறுநாள் மறுபடி கொண்டுவருவாள். எவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "இதுல ஒண்ணுமே இல்ல அக்கா" என்று சொல்லி, "நல்லாப் பாத்தியா?" என்று அவள் கேட்ட பிறகும் மாற்றிச் சொல்லாமல் நிற்கிறாரோ, அவருக்குப் பாடம் முடிந்தது.

பாராட்டு என்று ஒரு சொல் அவள் வாயிலிருந்து உதிர்ந்ததாக வரலாறு இல்லை. டேப் சுருளை எடுத்து அவர்கள் கையில் வைத்து, "இனிமே உன் எழுத்தை நீயே போடு" என்பாள். அவ்வளவுதான் பரிசு. அதுவரை அவர்கள் அடுக்கும் தட்டுகளின் டேப்பில் அவளுடைய 'த' தான் இருக்கும். டேப்பில் யார் எழுத்து இருக்கிறதோ, தியேட்டரில் ஏதாவது குறைந்தால் அவரைத்தான் தேடி வருவார்கள். பொறுப்பைத் தூக்கித் தலையில் வைப்பதைப் பரிசு என்று சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் அந்தச் சுருளை வாங்கியபோது சிரித்தவர்கள் யாருமில்லை. அழுதவர்கள் இரண்டு பேர் உண்டு.

அழுத இரண்டு பேரில் ஒருவர் டிரைவர். பல வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். முதுகு பிடித்துக்கொண்டதால் கீழ்த்தளத்துக்கு மாற்றியிருந்தார்கள். தட்டக்காவைவிட வயதில் மூத்தவர், இருந்தாலும் ஊரோடு சேர்ந்து அவரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "அக்கான்னு சொல்றதுக்கு வயசு எதுக்கு, தட்டு போதும்" என்பார். பொம்பளைகிட்ட பாத்திரம் கழுவக் கத்துக்கப் போறானா என்று பழைய சகாக்கள் கேலி செய்ததில் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கடைசித் தட்டில் நான்கு நாள் தோற்றார். ஐந்தாம் நாள் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு, "இல்ல அக்கா. நீங்க என்ன சொன்னாலும் சரி, இதுல தப்பு இல்ல" என்றார். அவள் சுருளை நீட்டினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, ஓட்டுநருக்கு 'ஓ' என்று டேப்பில் தன் முதல் எழுத்தைப் போட்டார். "லேசா எழுதினா நீராவியில கலைஞ்சிடும் அண்ணா, அழுத்தி எழுதுங்க" என்றாள் அவள்.

விருது என்ற பேச்சு வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. மருத்துவமனைகளெல்லாம் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தன. பணியிடத்தில் மிகச் சிறப்பாகப் பயிற்சி தருபவருக்கு அவர்கள் வருஷா வருஷம் ஒரு விருது தருவதாக அறிவித்திருந்தார்கள். கீழ்த்தள மேற்பார்வையாளர் படியிறங்கி ஓடிவந்தார். கெட்டவரில்லை. யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொல்வதுதான் சரி என்று நம்புகிற மனிதர்.

"அக்கா, உங்க பேரை அனுப்பப் போறேன். தியேட்டர்ல மூணு வருஷமா ஒரு தட்டுல கூட எதுவும் குறைஞ்சதில்ல. வேற எந்த ஆஸ்பத்திரியிலயும் இப்படி இல்லையாம்" என்றார்.

தட்டக்கா கையுறையைக் கழற்றாமலே நின்றாள். "என் பேரையா?" என்று கேட்டாள்.

"பின்ன யார் பேரை? வாங்கிட்டா 'பயிற்றுநர்' கிரேடும் கிடைக்கும், பாத்துக்கோங்க."

அந்தச் சொல்லை இன்னொருவர் வாயிலிருந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டே போனாள்.

வீட்டில் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிற கணவர், பிரித்துப் போட்ட மெஷினை ஓரமாகத் தள்ளி மேஜையில் இடம் கொடுத்தார். மகள் ஃபோனில் விண்ணப்பத்தைத் திறந்தாள். உங்கள் பயிற்சி முறையை விவரிக்கவும் என்று இருந்தது. தட்டக்கா சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். பொய்த் தட்டு எல்லாம் எழுதியாயிற்று. கடைசித் தட்டைப் பற்றிச் சொல்ல வந்தபோது, "இருநூறு வார்த்தை முடிஞ்சிடுச்சும்மா, இதுக்கு மேல எடுக்காது" என்று மகள் சொல்லிவிட்டாள். அதனால் கடைசித் தட்டு எழுதப்படவில்லை. அடுத்த கட்டத்தில் பயிற்றுநர் பதிவு எண் கேட்டிருந்தது.

"உனக்கு நம்பர் இருக்காம்மா?"

"எனக்கு ஏது நம்பர்? சார்கிட்ட கேட்டா போட்டுக்குவாரு."

சாரும் போட்டார். பதிவு எண் உள்ளவர்கள் மருத்துவமனையிலேயே ஒரே ஒருவர்தான். மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருக்கும் பயிற்சி அதிகாரி. அந்த எண்ணைப் போட்டதும் கம்ப்யூட்டர் தானாகவே அந்த அம்மாவின் பெயரையும் போட்டுக்கொண்டது. அதை அழிக்க மேற்பார்வையாளருக்கு வழி தெரியவில்லை. வழி தெரிந்த ஒருவரிடம் கேட்கலாம் என்றால், அது பயிற்சி அதிகாரியாக இருந்தது. அவர் படித்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கே, இப்படியே போகட்டும்" என்றார். இப்படியே போயிற்று. இப்படியே பரிசும் கிடைத்தது.

மேற்பார்வையாளர் விஷயத்தைச் சொல்ல வந்தபோது தட்டக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. கழுவுத்தொட்டியைப் பார்த்துச் சொன்னார்.

"விருது நமக்குத்தான் அக்கா. நம்ம ஆஸ்பத்திரிக்கு. மேடம் போய் வாங்குவாங்க. உங்க பேரும் இருக்கு. விழா மலர்ல கடைசிப் பக்கத்துல, 'கீழ்த்தளப் பணியாளர்களுக்கு நன்றி'ன்னு."

"அதுல என் பேர் எங்க சார் இருக்கு?"

"கீழ்த்தளப் பணியாளர்கள்னா நீங்களும்தானே?" என்றார் அவர். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "மேடையில அந்தப் பொய்த் தட்டைச் செய்து காட்டணுமாம். தட்டைத் தூக்கிட்டு வர ஒருத்தர் வேணும். நான் உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன்" என்று முடித்தார். ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்ட மாதிரி அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

தட்டக்காவுக்கு வயிறு எரிந்தது. இதை மூடி மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, எரியத்தான் செய்தது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் வருகிறேன் என்றாள். அதற்குள் அவள் மனதில் ஒரு யோசனை உட்கார்ந்துவிட்டது.

விழாவுக்கு முந்தின நாள் பயிற்சி அதிகாரி வேலையில் சேர்ந்த பிறகு மூன்றாவது முறையாகக் கீழ்த்தளத்துக்கு வந்தார். நாற்பது வயது, மெல்லிய குரல், எப்போதும் கையில் ஒரு கோப்பு. அவரும் வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மேலிடத்தின் முகத்தைப் பார்க்கிறவர்தான். "எந்தத் தப்பை வைக்கப் போறீங்கன்னு எனக்கு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க" என்றார்.

"சொல்லிட்டா அது பாடம் இல்லையே மேடம்" என்றாள் தட்டக்கா.

மேற்பார்வையாளரும் டிரைவரும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதிகாரியின் காது சிவந்தது. "அதுவும் சரிதான். சொல்லாதீங்க, நானே கண்டுபிடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

தட்டக்கா எடுத்தது இடக்கை டாக்டரின் தட்டு. அந்த மருத்துவமனையில் ஒரே ஒரு அறுவை மருத்துவருக்குத்தான் இடது கைப்பழக்கம். அவருடைய தட்டில் கத்தரி மட்டும் வேறு. வாய் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். மாறிப்போகாமல் இருக்க அதன் பிடியில் ஒரு பச்சை வளையம் சுற்றியிருப்பாள். தட்டில் மற்ற எல்லாம் வெறும் எஃகு, அது ஒன்றுதான் பச்சை. ஒவ்வொன்றாக அடுக்கினாள். பூதக்கண்ணாடியில் இரண்டு முறை பார்த்தாள். ஒரு தப்பும் இல்லை. யார் தட்டு, எது எத்தனை என்று எழுதிய பட்டியல் அட்டையைத் தட்டோடு வைக்காமல் தன் பையில் போட்டுக்கொண்டாள். 'இல்லாததைத் தேடட்டும்' என்று நினைத்தாள். அந்த அம்மா மேடையில் முழித்துக்கொண்டு நிற்பதை நினைத்தபோது அவளுக்கு வெகு நாளைக்குப் பிறகு பசித்தது.

மண்டபத்தில் நானூறு பேர். கணவருக்குக் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். தட்டக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு மேடையேறியபோது அவர் எழுந்து நின்று பார்த்தார், பக்கத்திலிருந்தவர்கள் உட்காரச் சொன்னார்கள். தட்டு பெரிய திரையில் தெரிந்தது. அதிகாரி ஒலிபெருக்கியில் பொய்த் தட்டைப் பற்றி அழகாகப் பேசினார். அந்த இருநூறு வார்த்தையும் வந்தன. பிறகு குனிந்து தட்டைப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தார். தட்டக்கா மேடை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு நிமிஷம் போயிற்று. அதிகாரியின் நெற்றியில் வியர்வை தெரிந்தது. தட்டக்காவுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் ஊறியது, அதோடு ஒரு சின்னப் பரிதாபமும் வந்தது. "மேடம், அதுல தப்பில்ல" என்று கிட்டே போய்க் கிசுகிசுத்தால் போதும். அவள் அசையவில்லை.

அதிகாரியின் விரல் பச்சை வளையத்தில் போய் நின்றது. "இதோ!" என்றார். "இந்தக் கத்தரி இந்தத் தட்டைச் சேர்ந்ததில்லை!" அதைத் தூக்கிக் காட்டினார். கேமரா மின்னியது. மண்டபமே கைதட்டியது. முன்வரிசையில் ஒரு பெரிய மனிதர் மட்டும் நெற்றியைச் சுருக்கினார். அடுத்த நொடி அவரும் தட்டினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் கணவர் உற்சாகமாக இருந்தார். "அந்த அம்மா கில்லாடிதான், இல்ல? கரெக்டா பிடிச்சுட்டாங்களே! நானும் நல்லா தட்டினேன்" என்றார்.

தட்டக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் போட்ட வலையில் யாரும் விழவில்லை. வலைக்கும் சேர்த்துக் கைதட்டிவிட்டார்கள்.

விஷயம் அத்தோடு போயிருந்தால் அவளும் மென்று முழுங்கியிருப்பாள். இரண்டு மாதத்தில் வழவழ தாளில் புத்தகம் வந்தது. 'விருது பெற்ற பயிற்சி முறை' என்று அட்டையில் தங்க நிற எழுத்து. பதினாலாம் பக்கத்தில் மேடையில் எடுத்த தட்டின் படம். பச்சை வளையம் போட்ட கத்தரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே, 'இத்தகைய கத்தரி கண்டால் உடனே நீக்கவும்' என்று எழுதியிருந்தது.

புதிதாக வருகிறவர்களை இப்போது நேரே மூன்றாவது மாடிக்கு அனுப்பினார்கள். அவர்கள் இரண்டு நாள் புத்தகத்தைப் படித்துவிட்டு, கையோடு டேப் சுருளும் வாங்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். படித்தபடி செய்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை இடக்கை டாக்டர் திறந்த வயிற்றுக்கு முன்னால் நின்று கையை நீட்டியபோது, இடது கையில் வெட்டாத சாதாரண வலக்கைக் கத்தரி வந்தது. அவர் போட்ட சத்தம் குட்டி லிஃப்ட் வழியாகக் கீழ்த்தளம் வரைக்கும் கேட்டதாகச் சொல்வார்கள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு கத்தரி வரும்வரை நாலு நிமிஷம் எல்லோரும் நின்றார்கள், அவ்வளவுதான். தட்டக்காவுக்கு அந்த நாலு நிமிஷம் போதுமானதாக இருந்தது. மூன்றாவது மாடிக்கு ஏறினாள்.

"மேடம், பதினாலாம் பக்கம் தப்பு. அது இடக்கைக் கத்தரி. அந்தத் தட்டுல அதுதான் இருக்கணும்."

"அப்படின்னா அன்னைக்கு நீங்க வச்ச தப்பு எது?"

"நான் தப்பே வைக்கல மேடம்."

அதிகாரி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "வேணும்னேதானே செஞ்சீங்க?" என்று கேட்டார்.

தட்டக்கா பொய் சொல்லப் பழகாதவள். "ஆமாம் மேடம், வேணும்னேதான். எனக்கு ஆத்திரம். அது என் குத்தம். ஆனா புத்தகத்தை மாத்திடுங்க" என்றாள்.

அதிகாரி மேஜையில் இருந்த கண்ணாடி விருதைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை. குரல் முன்பைவிட மெதுவாக இருந்தது.

"மாத்தினா, நானூறு பேர் முன்னாடி நடந்தது என்னன்னு கேப்பாங்க. என் வேலையும் போகும், உங்க வேலையும் போகும். அந்த டாக்டரோட தட்டை இனிமே நீங்களும் டிரைவரும் மட்டும் அடுக்குங்க. புத்தகம் அப்படியே இருக்கட்டும். அடுத்த மாசம் எல்லாருக்கும் டெஸ்ட் வருது. இருபதுக்கு இருபது வாங்குறவங்களைத் துணைப் பயிற்றுநரா போடப் போறோம். அட்டையிலயே வரும். உங்களால முடியாதா என்ன?"

இடக்கை டாக்டருக்கு வழி பிறந்துவிட்டது. நோயாளிக்கும் ஆபத்தில்லை. தட்டக்கா படியிறங்கும்போது 'பயிற்றுநர்' என்ற சொல் அவள் கூடவே இறங்கியது. துணை என்று ஒரு சொல் முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன, போகட்டும்.

டெஸ்டுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. படக் கேள்வியில் தவறுபவர்கள், மறுபயிற்சி முடியும்வரை டேப்பில் தங்கள் எழுத்தைப் போடக் கூடாது, துணைப் பயிற்றுநரே போடுவார் என்று அதில் இருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உணவுக்கூடத்தில் மேஜைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். தட்டக்காவுக்கு முன் மேஜையில் டிரைவர். பத்தொன்பது கேள்வியை அவள் அரை மணியில் முடித்துவிட்டாள். இருபதாவது படக் கேள்வி. தாளைத் திருப்பினாள். அவள் அடுக்கிய தட்டு அவளைப் பார்த்தது. பதினாலாம் பக்கத்துப் படம், சிவப்பு வட்டம் மட்டும் இல்லை. 'இத்தட்டில் உள்ள தவறை வட்டமிடுக.'

ஒரு வட்டம்தான். விரல் நகத்தளவு. போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்தத் தட்டில் தப்பே வைக்கவில்லை என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் மேலே உட்கார்ந்திருக்கிறார், இருவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். பேனாவைக் கொண்டுபோய்ப் பச்சை வளையத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். கை வரவில்லை. நேர்மை, நியாயம் என்று பெரிய சொற்களெல்லாம் அவள் மனதில் ஓடவில்லை. ஓடியது இதுதான்: இதே மாதிரித் தட்டை முன்னால் வைத்து, 'நல்லாப் பாத்தியா? நல்லாப் பாத்தியா?' என்று எத்தனை பேரை அழ வைத்திருக்கிறோம். கடைசியில் இது என் தட்டு. நான் அடுக்கினது. வட்டமிட வேண்டிய இடத்தில் 'தப்பு எதுவும் இல்லை' என்று எழுதினாள். நீராவியில் கலையாத மாதிரி அழுத்தி எழுதினாள்.

நிமிர்ந்தபோது முன் மேஜையில் டிரைவரின் தோள் தெரிந்தது. அவர் பேனா தாளில் ஒரு சின்னச் சுற்றுச் சுற்றியது.

முடிவு வந்தது. டிரைவர் இருபதுக்கு இருபது. தட்டக்கா பத்தொன்பது, மறுபயிற்சி தேவை. மேற்பார்வையாளர் தாளை நீட்டிவிட்டு, "எப்படிக்கா உங்களுக்கே தப்புத் தெரியல? எல்லாருக்கும் தெரிஞ்சுதே!" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். வீட்டில் கணவர், "ஒரு மார்க்தானே, விடு" என்றார். அம்மா அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டாமல், மேஜை இழுப்பறைக்குள் போட்டதை மகள் பார்த்தாள்.

திங்கட்கிழமை டிரைவர் புது அட்டையோடு வந்தார். 'துணைப் பயிற்றுநர்.' அதைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டுதான் அவள் மேஜைக்கு வந்தார். கையில் டேப் சுருள்.

"தெரிஞ்சுதான் வட்டம் போட்டேன் அக்கா. எனக்கு ரிட்டயராக இன்னும் மூணு வருஷம்தான். இந்த முதுகை வச்சுக்கிட்டு நின்னுட்டே வேலை பாக்க முடியல. இந்த கிரேடுக்கு நாற்காலி தர்றாங்க" என்றார்.

"உக்காருங்க அண்ணா. நாற்காலிக்குத்தானே போட்டீங்க" என்றாள் அவள்.

பத்து மணிக்கு இடக்கை டாக்டரின் தட்டு கேட்டு மேலேயிருந்து மணி அடித்தது. தட்டக்கா அடுக்கினாள், துணியை மடித்துச் சுற்றினாள், டேப்பை ஒட்டினாள். பழக்கத்தில் பேனாவை எடுத்துவிட்டு, பிறகு மேஜையில் வைத்தாள். பொட்டலத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"பிரிச்சுப் பாக்க வேணாமா அண்ணா?"

"நீங்க அடுக்கினதை நான் என்னத்தைப் பாக்கறது?" என்றார் அவர். மரியாதையோடுதான் சொன்னார். குனிந்து 'ஓ' என்று போட்டார்.

அவர் பேனாவை மூடும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு, "பிரிங்க" என்றாள்.

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. எழுத்துப் போட்ட டேப்பைக் கிழித்துப் பொட்டலத்தைப் பிரித்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதலில் கிடைக்கவில்லை. இரண்டாவது சுற்றில் கத்தரியிடம் வந்து நின்றார். சாதாரணக் கத்தரி. பச்சை வளையம் இல்லை. அதைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கத் தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தட்டக்கா தன் உடுப்புப் பையிலிருந்து இடக்கைக் கத்தரியை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். மறுபடி துணி, மறுபடி டேப். மேலே மணி இரண்டாவது தடவை அடித்தது. அவர் எழுத்தைப் போட்டார். இந்தத் தடவை அழுத்திப் போட்டார். அழுத்தி எழுத வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். நீராவியில் கலையாது. பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.